வாசகர் கேள்வி–பதில்: சிறு பிள்ளைகளுக்குப் பந்தெறியப் பழக்குதல்

உடற்கல்வி தொடர்பாக இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, பந்தை எறிவது பற்றியவை. ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றதற்கும் உதவும் என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நலன்விரும்பி ஒருவர் ஆறு சொப்ட்போல் பந்துகளையும் இரண்டு துடுப்புகளையும் அன்பளிப்பாகத் தந்துள்ளார். நான் தரம் 2, தரம் 3 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். விளையாட்டில் தனிப்பயிற்சி எதுவும் பெறவில்லை. பிள்ளைகள் தோளுக்கு மேலாக எறியும் பந்து ஒன்றில் காலடியில் விழுகிறது, அல்லது ஆகாயத்தை நோக்கிப் போகிறது. சில பையன்கள் கிரிக்கெட்டில் பந்துவீசுவது போலக் கையை நீட்டிச் சுழற்றுகிறார்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: அந்த ஆறு பந்துகளையும் இப்போதைக்கு அலுமாரியில் வைத்துவிடுங்கள். அன்பளிப்புத் தந்தவரின் நல்ல மனத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் பந்து தரம் 2 பிள்ளையின் கைக்கு ஆனதன்று. நம் ஊர்களில் மென்பந்து என்றவுடன் டெனிஸ் பந்துதான் நினைவுக்கு வருகிறது. சொப்ட்போல் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான் என்றாலும், பெரியவர்கள் ஆடும் அந்தப் பந்து மென்மையானதன்று. 1887ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், ஒரு கட்டடத்தின் உள்ளே, குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை உருண்டையாகக் கட்டிப் பந்தாக்கி ஆடியதில் பிறந்த விளையாட்டு அது. அந்தக் கையுறையின் மென்மை இன்றைய பந்தில் இல்லை. இன்றைய பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம். டெனிஸ் பந்தின் எடையோ 60 கிராமுக்கும் குறைவு. விரல்களால் பற்ற முடியாத பந்தைப் பிள்ளை உள்ளங்கையில் ஏந்தி, காதருகே கொண்டுவந்து, குண்டு போடுபவரைப் போல முன்னே தள்ளுகிறது. காலடியில் விழுகிறது என்று நீங்கள் எழுதியவற்றுள் பெரும்பாலானவை எறியப்பட்டவை அல்ல, இவ்வாறு தள்ளப்பட்டவையாகவே இருக்கும்.

ஆகவே டெனிஸ் பந்தில் தொடங்குங்கள். பழைய பந்துகளே போதும். அவையும் போதவில்லையென்றால், கிழிந்த காலுறைக்குள் துணித்துண்டுகளை இறுக அடைத்துத் தைத்த பந்து மிகவும் நல்லது. அது உருண்டோடாது, யார் மேல் பட்டாலும் வலிக்காது, பந்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையும் அதைத் தயங்காமல் எடுக்கும். பந்தை விரல்களால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மேலே, பெருவிரல் கீழே. கை சிறிதாக இருந்தால் மோதிர விரலும் மேலே சேரலாம். பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையில் ஒரு பென்சில் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பென்சிலை விட்டுப் பார்க்கட்டும்.

கையை நீட்டிச் சுழற்றும் பையன்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய கதையைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். பந்துவீசும்போது முழங்கையை மடக்கி நிமிர்த்துவது பற்றிய விவாதம் நம் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசல்கள்வரை வந்து பேசப்பட்ட ஒன்று. கிரிக்கெட் விதியின்படி பந்துவீச்சாளரின் முழங்கை நிமிரும் அளவு 15 பாகையைத் தாண்டக்கூடாது. அதனால் அண்ணன்மாரோடு விளையாடும் சிறுவன் முதலில் கேட்கும் அறிவுரையே ‘கையை மடக்காதே’ என்பதுதான். அந்த அறிவுரை பந்துவீச்சுக்குச் சரி. எறிதலுக்கு அது நேர் எதிரான தீங்கைச் செய்கிறது, ஏனென்றால் மடங்கிய முழங்கை சாட்டையைப் போல நிமிரும்போதுதான் பந்துக்கு வேகம் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் இரண்டையும் இரு வேறு சொற்களால் பிரித்துச் சொல்லுங்கள்: இது ‘வீசுவது’, இது ‘எறிவது’, எறியும்போது முழங்கை மடங்கலாம், மடங்கத்தான் வேண்டும். எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்த களத்தடுப்பாளர் விக்கெட்டை நோக்கி எறிவதை அவர்கள் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருப்பார்கள். அதை நினைவூட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள். சொப்ட்போலிலும் இதே பிரிவு உண்டு. துடுப்பாடுபவருக்குப் பந்து போடுபவர் இடுப்புக்குக் கீழாகக் கையைக் கொண்டுவந்து போடுகிறார். களத்தில் நிற்கும் மற்ற எல்லோரும் பெரும்பாலும் தோளுக்கு மேலாகவே எறிகிறார்கள். நீங்கள் கற்பிக்கப்போவது இந்த இரண்டாவதை.

இனி உடம்பு. எறிதல் கையில் தொடங்குவதில்லை. காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, மார்பு திரும்பி, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் விரல் நுனியில் முடிகிறது. மிகச் சிறு பிள்ளை கால்களை ஊன்றியபடி, முன்பக்கமாக நின்று, கையால் மட்டும் எறியும். சற்று வளர்ந்த பிள்ளை ஓரடி எடுத்து வைக்கும். ஆனால் எறியும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலையே முன்வைக்கும். அதன் பிறகுதான் எதிர்க்கால் முன்னே வரும், அதற்கும் பிறகு அந்த அடி நீளும். நன்றாக எறியும் ஒருவரின் அடி அவருடைய உயரத்தின் பாதியையும் தாண்டும். உங்கள் வகுப்பில் இந்த எல்லா நிலைகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே பக்கக் காலை வைக்கும் பிள்ளை சொல் கேளாத பிள்ளை அன்று. வழியில் ஒரு படியில் நிற்கும் பிள்ளை. வயது மட்டும் அதை அடுத்த படிக்கு ஏற்றிவிடாது. பழகாதவர் வளர்ந்த பின்னும் அதே படியில் நிற்பதை நாம் பார்க்கிறோம்.

உங்கள் வகுப்பிலேயே நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். பேரிக்காய் மரத்தில் காய் விழுத்தத் தெரிந்த பிள்ளையை ஒரு நாள் கவனியுங்கள். பந்தைக் கையில் கொடுத்தால் தடுமாறும் அதே பிள்ளை, மரத்தடியில் பக்கவாட்டில் திரும்பி நின்று, எதிர்க்காலை முன்வைத்து, கையை நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய் எறியும். கல்லெறிவதை நாம் ஊக்குவிக்க முடியாது. ஆனால் அந்த நிற்கும் முறையைப் பந்தோடு செய்துகாட்டச் சொல்லலாம். ஆசிரியை செய்துகாட்டுவதைவிட வகுப்புத் தோழன் செய்துகாட்டுவது பிள்ளைகளின் மனத்தில் விரைவாகப் பதிகிறது.

நான் உடற்கல்வி கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் இதில் ஒரு தவறு செய்தேன். பிள்ளைகளை முழந்தாளிட வைத்து மணிக்கட்டை மட்டும் அசைக்கப் பல வாரங்கள் பழக்கினேன். பிறகு முழங்கை, பிறகு தோள் என்று துண்டு துண்டாகச் சேர்க்க எண்ணினேன். எழுந்து நின்றபோது, அவர்கள் கால்களை அசைக்காமல் மணிக்கட்டால்தான் எறிந்தார்கள். இன்று நான் அதை வேறு விதமாகச் செய்கிறேன். முதல் நாளே முழு உடம்போடு எறியவிடுகிறேன். சொல்வது இரண்டே சொற்றொடர்கள்: ‘தோளைக் காட்டி நில்’, ‘எதிர்க்காலை நீட்டி வை’. தோளைக் காட்டுவது என்றால் எறியாத கையின் தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்பது. சிறு பிள்ளைகளுக்கு இடம், வலம் குழம்பும் என்பதால், முன்வைக்க வேண்டிய காலில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிடுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்பதற்குத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. இவை இரண்டும் வந்த பின்னரே முழங்கையைப் பற்றிப் பேசுகிறேன். முழங்கை தோளின் உயரத்துக்கு வர வேண்டும். எறிந்து முடித்த கை எதிர்ப்பக்க இடுப்பைத் தாண்டிக் கீழே போக வேண்டும்.

குறி பார்த்து எறியச் சொல்வதை முதல் சில மாதங்களுக்குத் தவிருங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிறிய குறி ஒன்றை வைத்து, அதில் படாவிட்டால் புள்ளி இல்லை என்றால், பிள்ளை தவறிவிடுவோமோ என்று உடம்பைக் கட்டிக்கொள்ளும். காலை நீட்டாது, இடுப்பைத் திருப்பாது, பந்தை மெல்லத் தள்ளிவிடும். ‘உன்னால் முடிந்த அளவு பலமாக எறி’ என்று சொன்னாலோ, அந்தப் பலத்தைத் தேடிக் கால் தானாக நீள்கிறது, இடுப்பு தானாகத் திரும்புகிறது. குறி தப்பட்டும். கூரைத் தகரத்தின் பழைய துண்டு ஒன்றை, கூரான விளிம்புகளை மடித்துத் தட்டிவிட்டு, இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளையின் உயரத்தைவிடப் பெரியதாக அது இருக்கட்டும். ஐந்தாறு மீற்றர் தூரத்திலிருந்து டெனிஸ் பந்தால் எறிந்து யார் பெரிய சத்தம் எழுப்புகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சலாக இருந்தால் கொழுந்துச் சாக்கைக் கட்டலாம். ஆனால் தகரம் எழுப்பும் ஓசை பிள்ளைக்குத் தரும் மகிழ்ச்சி சாக்கில் கிடைப்பதில்லை.

ஆகாயத்தை நோக்கிப் போகும் பந்து, உரிய நேரத்துக்கு முன்பே விரலை விட்டுப் பிரிந்த பந்து. அதைப் பிள்ளைக்கு விளக்கிப் பயனில்லை. கை எதிர் இடுப்புவரை முழுமையாக வந்தால் நாளடைவில் அது தன்னால் சரியாகும்.

சமதரை இல்லாத பாடசாலைகளே நம் பக்கத்தில் அதிகம்; ஆசிரியர்கள் அதை ஒரு குறையாகவே சொல்வார்கள். எறிதலைப் பொறுத்தவரை சரிவு ஒரு வசதி. பிள்ளைகளை மேட்டைப் பார்த்து எறிய வையுங்கள். மேட்டில் பட்ட பந்து உருண்டு அவர்களிடமே திரும்பி வரும், பந்து பொறுக்கும் நேரம் மிஞ்சும். பள்ளத்தைப் பார்த்து எறிந்தால் பந்து தேயிலை மலைக்குள் போய்விடும். அதைத் தேடி அட்டைக்கடியோடு திரும்பும் பிள்ளைக்கு அன்றைய பாடம் அதோடு முடிந்துவிடும். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே திசையில் எறிய வேண்டும், நீங்கள் விசில் ஊதிய பின்பே எல்லோரும் ஒன்றாகப் பந்தெடுக்கப் போக வேண்டும் என்ற ஒழுங்கை முதல் நாளே உறுதியாக வைத்துவிடுங்கள். முடிந்தால் ஆளுக்கொரு பந்து கொடுங்கள். முப்பது பிள்ளைகள் ஒரு பந்துக்காகக் காத்து நின்றால் பாடவேளை முழுவதிலும் ஒவ்வொருவரும் ஒருமுறையோ இருமுறையோதான் எறிவார்கள். காலுறைப் பந்தின் அருமை அப்போது தெரியும்.

அலுமாரியில் உள்ள பந்துகளை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்கும் முதலில் 11 அங்குலப் பந்து கிடைத்தால் நல்லது. மழைநாளில் அவற்றை ஈரத்தில் போட வேண்டாம். தோல் போர்த்திய பந்து நீரை உறிஞ்சினால் கனத்துவிடும், வழுக்கவும் செய்யும்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இடது கையால்தான் எல்லாவற்றையும் செய்வாள். பந்தையும் அதே கையால் எறிகிறாள். ‘பீச்சாங்கையால் எறியாதே, சோத்தாங்கையால் எறி’ என்று அவளுடைய அப்பாயி திருத்துகிறார். ‘பொம்பளைப் பிள்ளைக்கு எறிகிற கை வராது’ என்று மாமாமார் சொல்கிறார்கள். நான் அவளை மாற்ற வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?
– ஒரு தாய், பண்டாரவளை

பதில்: கையை மாற்ற வேண்டாம். எறிதல் மிக விரைவாக நிகழும் அசைவு; எந்தக் கை தானாக முன்வருகிறதோ அந்தக் கையிலேயே அது வளரும். வலக் கைக்கு மாற்றினால் உங்கள் மகள் இரண்டு கைகளிலும் அரைகுறையாக எறிபவளாகிவிடுவாள். அப்பாயியிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: உண்பதற்கும் கோயிலில் திருநீறு வாங்குவதற்கும் அவர் பழக்கும் முறை அவருடைய விருப்பம், பந்துக்கு மட்டும் பிள்ளையின் கையை விட்டுக்கொடுக்கட்டும். இடக்கையால் எறியும் பிள்ளை வலத் தோளை இலக்குக்குக் காட்டி, வலக் காலை முன்வைக்க வேண்டும். நீங்கள் வலக்கைக்காரராக இருந்தால் அவளுக்கு எதிரே நின்று செய்துகாட்டுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல அவளுக்கு அது பொருந்திவிடும்.

பெண் பிள்ளைக்கு எறிகிற கை வராது என்பதை நான் ஏற்கவில்லை. பெண் பிள்ளைக்கு வராமல் போவது பந்துதான். மாலையில் லயன் வாசலில் ஆண் பிள்ளைகள் பந்தோடு நிற்கும் நேரத்தில் பெண் பிள்ளை தண்ணீர்க் குடத்தோடு அல்லது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை எறிந்த எறிகளை அவள் ஒருபோதும் எறிந்ததில்லை. பிறகு இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒப்பிடுவது நியாயமன்று. ஒலிம்பிக்கில் 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் சொப்ட்போல் சேர்க்கப்பட்டபோது அது பெண்களுக்கான போட்டியாகவே சேர்க்கப்பட்டது. அங்கு களமெங்கும் நின்று எறிந்தவர்கள் பெண்களே. உங்கள் மகளுக்கு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மாமாமார் குறை சொல்வதற்குப் பதிலாக அந்தப் பத்து நிமிடமும் அவளோடு எறிந்து பிடித்தால் இன்னும் நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெண் பிள்ளைகளிடம் ‘அம்மா கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடையில் போடுவது போலக் கையைத் தூக்கு’ என்று நானும் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. பிள்ளைகள் கண்ணால் தினமும் காணும் அசைவு என்பதால் எளிதாக விளங்கும் என்று நினைத்தேன். ஆனால் கொழுந்து போடும்போது முழங்கை முகத்துக்கு முன்னால் வருகிறது. எறிதலுக்கோ அது தோளோடு ஒரே கோட்டில், பக்கவாட்டில் இருக்க வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளைகள் பந்தைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அந்த உவமையை விட்டுவிட்டேன். ‘இரண்டு கைகளையும் சிறகு போல விரி, பந்தைப் பின்னால் இருப்பவருக்குக் காட்டு’ என்று சொன்னால் முழங்கை சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: என் பேரனுக்குப் பதினொரு வயது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் எல்லே (துடுப்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் நம் நாட்டு விளையாட்டு) ஆடுவதற்காகத் தோட்டத்து இளைஞர்களோடு தினமும் பழகுகிறான். ஓடுபவரைப் பந்தால் அடித்து ஆட்டமிழக்கச் செய்வதில் கெட்டிக்காரன் என்பதால் அவனையே அதிகமாக எறிய வைக்கிறார்கள். இப்போது தோள் வலிக்கிறது என்கிறான். எண்ணெய் தேய்த்துவிட்டால் சற்றுக் குறைகிறது. மறுநாள் எறிந்ததும் திரும்பவும் வலிக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடுமா?
– ஒரு தாத்தா, ஹட்டன்

பதில்: இல்லை ஐயா, பழகப் பழக இது கூடவே செய்யும். இன்றே எறிவதை நிறுத்தச் சொல்லுங்கள். வளரும் பிள்ளையின் எலும்புகளின் முனைகளில், எலும்பு நீளும் இடத்தில், குருத்தெலும்பாலான மெல்லிய பகுதி ஒன்று உண்டு. வளர்ந்தவர்களின் எலும்பைப் போல அது இன்னும் இறுகியிருக்காது. ஓய்வின்றித் திரும்பத் திரும்ப எறியும்போது தோளிலும் முழங்கையிலும் உள்ள அந்தப் பகுதி பாதிக்கப்படக்கூடும். எண்ணெய் தசைக்கு இதம் தரும். அந்த இடத்தை அது ஆற்றாது. ஓய்வெடுத்தும் வலி தொடர்ந்தாலோ, கையைத் தூக்க முடியாமல் போனாலோ, முழங்கை முழுவதும் நிமிராவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எறிவதால் வந்த வலி என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இளைஞர்களிடமும் நீங்கள் பேச வேண்டும். இருபது வயதுக்காரர் எறியும் தூரத்தையும் தடவைகளையும் பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது; பெரியவர்கள் தன்னை நம்புகிறார்கள் என்ற பெருமையில் வலியை மறைத்துக்கொண்டே எறியும். உங்கள் பக்கத்துக் காலைக் குளிரில், பனி விலகும் முன், உடம்பு சூடேறாமல் எறிவதும் கெடுதி. முதலில் மெதுவாக ஓடி, கைகளைச் சுழற்றி, பத்து மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் மெல்ல எறிந்த பிறகே பலமாக எறிய வேண்டும்.

வலி முற்றாக நின்று, மருத்துவரும் தடையில்லை என்று சொன்ன பின், ஒரு நாள்விட்டு ஒரு நாள் கிட்டத்தில் இருபது எறிகளோடு தொடங்கட்டும். அவன் பக்கவாட்டில் நிற்கிறானா, எதிர்க்காலை நீட்டுகிறானா என்று நீங்களே பாருங்கள்; கால்களையும் இடுப்பையும் விட்டுவிட்டுக் கையால் மட்டும் எறிபவரின் தோளே விரைவில் களைக்கிறது. ஒரு வாரம் வலியின்றிப் போனால் தூரத்தைச் சற்றுக் கூட்டலாம். வலி திரும்பினால் அந்த நாளோடு நிறுத்திவிட வேண்டும். சித்திரைக்குள் குணமாகாவிட்டால் அவன் துடுப்பெடுத்து அடிக்கவும் வேண்டாம், ஏனெனில் அதற்கும் அதே தோள்தான் வேலை செய்கிறது. புள்ளிக் கணக்கெழுத ஒருவர் தேவைப்படுவார். அந்த வேலையை அவனுக்குக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.